கேள்வியை எந்த வாசலுக்கு அனுப்புவது?

2025ஆம் ஆண்டு தீபாவளி நினைவிருக்கிறதா, மாணவர்களே? அக்டோபர் 20, திங்கட்கிழமை. காலையில் வந்த விருந்தினர்கள் கிளம்பி, முறுக்கு டின்கள் பாதி காலியாகியிருந்த பிற்பகல் 3 மணி வாக்கில் உங்களில் பலருக்கு ஸ்னாப்சாட் வேலை செய்யவில்லை. ரோப்லாக்ஸ், ஃபோர்ட்நைட் விளையாட்டுகளுக்குள் நுழைய முடியவில்லை. டுவோலிங்கோவும் மக்கர் செய்தது. வீட்டு வைஃபைதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்களும் இருப்பீர்கள்.

பழுது உங்கள் வீட்டில் இல்லை. இங்கிருந்து ஏறக்குறைய 15,000 கிலோமீட்டர் தொலைவில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் அமேசான் நிறுவனத்தின் மேகக் கணினி மையங்களில் இருந்தது. அங்கேயும் எந்தக் கட்டடமும் தீப்பற்றவில்லை, எந்தக் கம்பியும் அறுந்துபோகவில்லை. டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவையின் கணினிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெயர்ப் பதிவேட்டில் அந்தச் சேவையின் பெயருக்கு நேரே இருந்த முகவரி மட்டும் காலியாகிவிட்டது. பதிவேட்டைப் புதுப்பிக்கும் இரண்டு தானியங்கி நிரல்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் வேலை செய்தன. ஒன்று தாமதமாக வந்து பழைய பட்டியலைப் புதிய பட்டியலின்மேல் எழுதியது. மற்றொன்று, "இது பழசாயிற்றே" என்று அந்தப் பட்டியலையே அழித்தது. முடிந்தது கதை.

பதிவேட்டைச் சரிசெய்ய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதன் பின்விளைவுகள் முழுமையாக அடங்க, நம் நேரப்படி மறுநாள் விடியற்காலை ஆகிவிட்டது. கணினி இருக்கிறது, பாதை இருக்கிறது, ஆனால் "எங்கே?" என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆளில்லை. இந்த வாரம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். விடையைவிட, கேள்வி யாரிடம் போகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

பெயர் நமக்கு, எண் கணினிக்கு

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். 8.8.8.8 என்பது அப்படி ஓர் எண். நமக்கோ எண்கள் மனத்தில் நிற்பதில்லை. அதனால் நாம் பெயரைத் தட்டுகிறோம், அதை எண்ணாக மாற்றித் தர ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதுதான் டிஎன்எஸ். தமிழில் களப்பெயர் முறைமை என்று சொல்வார்கள்.

1970களில் எல்லாப் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுக் கழகத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்பவரின் குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களுக்குத் தகவல் தர வேண்டும். மற்றவர்கள் அந்தக் கோப்பின் நகலை இறக்கி வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிவியலாளர் வேறொரு வழியை வகுத்தார். எல்லாப் பெயரையும் ஒருவரே வைத்திருக்க வேண்டாம், ஒவ்வொருவரும் தமக்குக் கீழே உள்ளதை மட்டும் அறிந்திருந்தால் போதும் என்பதே அது. 40 ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் இன்னும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. "நூலகம்.பள்ளி.சிங்கப்பூர்" என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (முதல் இரண்டு பகுதிகள் என் கற்பனை. ஆனால் ".சிங்கப்பூர்" என்று தமிழ் எழுத்திலேயே முடியும் களப்பெயர் உண்மையிலேயே இருக்கிறது. கம்பிக்குள் போகும்போது மட்டும் அது எக்ஸ், என், இரண்டு சிறுகோடுகள் என்று தொடங்கும் ஒரு குறியீடாக மாறிக்கொள்ளும்.) இந்தப் பெயரை டிஎன்எஸ் வலமிருந்து இடமாகப் படிக்கிறது. முதலில், உச்சியில் இருக்கும் மூல சர்வரிடம் "சிங்கப்பூர் பற்றி யாருக்குத் தெரியும்?" என்று கேட்கும். அது ஓர் இடத்தைக் காட்டும். அங்கே போய் "பள்ளி பற்றி?" என்று கேட்கும். அங்கிருந்து இன்னோர் இடம். கடைசியில் "நூலகம்" எங்கே என்று தெரிந்துவிடும். மூல சர்வர்களுக்கு உலகம் முழுவதற்கும் 13 பெயர்கள்தான். அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பல நாடுகளில் நிற்கின்றன.

இவ்வளவு அலைச்சலும் உங்கள் கைப்பேசிக்கு வேண்டியதில்லை. ரிசால்வர் என்ற வேறொரு கணினி அதற்காக அலைகிறது. பள்ளி அலுவலகத்தில் இருக்கும் கிராணியைப் போல. "புறப்பாட நடவடிக்கைக் கட்டணம் யாரிடம் கட்டுவது?" என்று அவரிடம் கேட்டால் போதும். அவர் நாலு இடத்தில் விசாரித்து நமக்கு ஒரே விடையாகச் சொல்லிவிடுவார். சொன்னதைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்வார், அடுத்தவர் வந்து அதையே கேட்டால் மறுபடி அலையாமல் இருக்க.

ஆய்வகம் கீழே, செயலி மேலே

மேகக் கணினி என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். ஜொகூரிலும் சைபர்ஜெயாவிலும் சிங்கப்பூரிலும் நிற்கும் பெரிய பெரிய கட்டடங்கள்தான் மேகம். அமேசான் தன் மேக மையங்களைச் சிங்கப்பூரில் 2010இலும் மலேசியாவில் 2024 ஆகஸ்ட்டிலும் திறந்தது. ஒரு நிறுவனம் அங்கே இடம் வாடகைக்கு எடுத்தால், அதற்கென்று வேலி போட்ட ஒரு தனி வலையமைப்பு கிடைக்கும். அந்த வேலிக்குள் ஒரு ரிசால்வரும் தயாராக இருக்கும். அமேசானில் அதன் முகவரியைக் கண்டுபிடிப்பது எளிது. வலையமைப்பு 10.20.0.0 என்று தொடங்கினால், அதனுடன் 2 கூட்டுங்கள். 10.20.0.2. அதுதான் கிராணியின் மேசை. மைக்ரோசாஃப்ட்டின் மேகத்தில் எல்லாருக்கும் ஒரே முகவரி, 168.63.129.16.

இப்போது ஒரு கற்பனை மருத்துவமனைக்குப் போவோம். நோயாளிகளின் பதிவுகளைக் காட்டும் செயலியை அது மேகத்துக்கு மாற்றிவிட்டது. ஆனால் இரத்தப் பரிசோதனை ஆய்வகத்தின் சர்வர் இன்னும் மருத்துவமனையின் அடித்தளத்திலேயே இருக்கிறது. பரிசோதனை இயந்திரங்களோடு அது நேரடியாகக் கம்பியில் இணைந்திருப்பதால் அதை நகர்த்த முடியவில்லை. அதன் பெயர் "ஆய்வகம்.மருத்துவமனை.அகம்". மருத்துவமனைக்குள் மட்டும் வழங்கும் பெயர் அது. நம் வீட்டில் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயரை அடையாள அட்டையில் தேட முடியாதல்லவா? அதுபோல, இந்தப் பெயரும் வெளி உலகப் பதிவேட்டில் கிடையாது. மருத்துவமனைக்கும் மேகத்துக்கும் இடையே ஒரு தனித் தடமும் போட்டாயிற்று.

நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஒரு நோயாளி வருகிறார். இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முடிவு தயாராகிவிட்டது. மேல்மாடியில் இருக்கும் மருத்துவர் திரையில் பொத்தானை அழுத்துகிறார். மேகத்தில் உள்ள செயலி, "ஆய்வகம்.மருத்துவமனை.அகம் எங்கே?" என்று 10.20.0.2இடம் கேட்கிறது. அந்த ரிசால்வர் இப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. வழக்கம்போல மூல சர்வரிடம் போய்க் கேட்கிறது. "அகம் என்று ஒன்று உலகத்தில் இல்லை" என்று விடை வருகிறது. மருத்துவரின் திரையில் "முடிவு கிடைக்கவில்லை" என்று தெரிகிறது.

முடிவு அவருக்கு நாலு மாடி கீழேதான் இருக்கிறது. தடமும் நன்றாகத்தான் இருக்கிறது. கேள்வி போகக்கூடாத ஆளிடம் போய்விட்டது, அவ்வளவுதான்.

கிராணிக்கு ஒரு குறிப்புச் சீட்டு

இதற்கு மருந்து ஒரு வரிதான். கிராணியின் மேசையில் ஒரு குறிப்புச் சீட்டை ஒட்டிவிட வேண்டும்: "மருத்துவமனை.அகம் என்று முடியும் எந்தக் கேள்வி வந்தாலும் நீ வெளியே போய் விசாரிக்காதே. அடித்தளத்தில் உள்ள டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்பிவிடு. அதன் முகவரி 192.168.10.5. அது பேசாவிட்டால் 192.168.10.6." இதைத்தான் அனுப்பு விதி என்கிறோம். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகல் மூன்றின் மேகங்களிலும் இதற்கு வசதி உண்டு. பெயர்கள்தான் வேறு வேறு.

விதியில் இரண்டே பகுதிகள். எந்தப் பெயர்முடிவுக்கு, எந்த முகவரிக்கு. சுலபம் என்று தோன்றும். ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் சேரும்போதுதான் மூளைக்கு வேலை வரும். மருத்துவமனை மேகத்தில் வைத்திருக்கும் சர்வர்களுக்கும் பெயர் வேண்டுமே. அவற்றுக்கு "மேகம்.மருத்துவமனை.அகம்" என்று முடியும் பெயர்களை வைக்கிறார்கள். ஆக, மூன்று விதிகள்:

மருத்துவமனை.அகம்: அடித்தளத்துக்கு அனுப்பு.
மேகம்.மருத்துவமனை.அகம்: எங்கும் அனுப்பாதே, நீயே விடை சொல்.
வேறு எதுவானாலும்: வழக்கம்போல இணையத்தில் விசாரி.

"பதிவு.மேகம்.மருத்துவமனை.அகம்" என்ற கேள்வி வருகிறது. மூன்று விதிகளுமே அதற்குப் பொருந்துகின்றன. எதை எடுப்பது? பட்டியலில் எது முதலில் இருக்கிறது என்று ரிசால்வர் பார்ப்பதில்லை. எது நீளமாக, நுணுக்கமாகப் பொருந்துகிறதோ அதையே எடுக்கும். இங்கே இரண்டாவது விதி. "ஆய்வகம்.மருத்துவமனை.அகம்" வந்தால் முதல் விதி.

சரி, "புதுமருத்துவமனை.அகம்" என்று ஒருவர் கேட்டால்? அதுவும் "மருத்துவமனை.அகம்" என்றுதானே முடிகிறது, அடித்தளத்துக்குப் போகும் என்பீர்கள். போகாது. டிஎன்எஸ் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதில்லை, புள்ளிக்குப் புள்ளி முழுச் சொல்லாக ஒப்பிடும். "புதுமருத்துவமனை" வேறு சொல், "மருத்துவமனை" வேறு சொல். மூன்றாவது விதிப்படி அந்தக் கேள்வி இணையத்துக்குப் போய், இல்லை என்ற விடையோடு திரும்பும். வகுப்பில் கேட்டுப் பாருங்கள், கெட்டிக்காரர்கள்கூட இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

அமேசானின் மேகத்தில் இந்தக் கேள்விகள் வெளியே போக ஒரு வெளிவாசலும், வெளியிலிருந்து உள்ளே வர ஓர் உள்வாசலும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். அடித்தளத்தில் இருக்கும் கணினி ஒன்று மேகத்திலுள்ள பெயரைக் கேட்க விரும்பினால், அங்குள்ள டிஎன்எஸ் சர்வரிலும் ஒரு குறிப்புச் சீட்டு ஒட்டி உள்வாசலைக் காட்ட வேண்டும். பாதுகாப்புக்காக ஒவ்வொரு வாசலிலும் இரண்டு முகவரிகளாவது வைப்பது வழக்கம். இன்னொன்று: விதியை எழுதினால் மட்டும் போதாது, எந்த வலையமைப்புக்கு அது என்று இணைக்கவும் வேண்டும். மேசை டிராயருக்குள் கிடக்கும் சீட்டைக் கிராணி எப்படிப் படிப்பார்?

சீட்டு சரி, ஆனால் விடை வரவில்லை

வலையமைப்புப் பொறியாளர்களிடையே ஒரு கேலி உண்டு. எது கெட்டாலும் கடைசியில் டிஎன்எஸ்தான் காரணமாக இருக்கும் என்பார்கள். விதிகள் எப்படியெல்லாம் தவறும் என்று பார்த்தால் அந்தக் கேலியில் நியாயம் இருப்பது புரியும்.

முதலாவது, மடக்கிவிடும் சுழல். மேகத்தில் யாரோ அவசரத்தில் "அகம் என்று முடியும் எல்லாவற்றையும் அடித்தளத்துக்கு அனுப்பு" என்று எழுதிவிட்டார். அடித்தளத்தில் இன்னொருவர் "எனக்குத் தெரியாத எல்லாவற்றையும் மேகத்துக்கு அனுப்பு" என்று எழுதிவைத்திருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான விதிகள். இப்போது யாரோ "கண்டீன்.அகம்" என்று இல்லாத ஒரு பெயரைக் கேட்கிறார். மேகம் அடித்தளத்துக்கு அனுப்புகிறது. அடித்தளத்துக்குத் தெரியவில்லை, மேகத்துக்கு அனுப்புகிறது. மேகம் தன் விதிப்படி மறுபடியும் அடித்தளத்துக்கே அனுப்புகிறது. கல்யாண வீட்டில் "மாமாவைக் கேள்", "சித்தப்பாவைக் கேள்" என்று குழந்தையை அலையவிடுவார்களே, அதே கதைதான். இத்தனை கை மாறிவிட்டது என்று எண்ணிக் குறித்துவைக்க டிஎன்எஸ் கேள்வியில் இடம் கிடையாது. அதனால் தான் சுற்றிச் சுற்றி வருவது அந்தக் கேள்விக்கே தெரியாது. ஒரு கேள்வி என்றால் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் சுற்றத் தொடங்கினால் நல்ல கேள்விகளுக்கும் வழி அடைபடும். அமேசானின் மேகத்தில் ஒரு கணினி இணைப்பிலிருந்து வினாடிக்கு 1,024 பொட்டலங்கள் வரைதான் ரிசால்வருக்கு அனுப்பலாம். இரண்டின் பத்தாம் அடுக்கு என்று கண்டுபிடித்திருப்பீர்கள்.

இரண்டாவது தவறு இன்னும் தந்திரமானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. டிஎன்எஸ் கேள்விகள் 53ஆம் எண் வாசலில் நுழைகின்றன. அந்த வாசலுக்கு இரண்டு விதமாகப் போகலாம். யுடிபி என்பது அஞ்சலட்டை: எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடலாம், வேகம் அதிகம். டிசிபி என்பது பதிவுத் தபால்: கையெழுத்து வாங்கி, சரிபார்த்து, மெதுவாக. சாதாரணக் கேள்விக்கு அஞ்சலட்டையே போதும். தொடக்க கால விதிப்படி அஞ்சலட்டையில் 512 பைட்தான் எழுதலாம். பின்னர் அந்த அளவைக் கூட்டினார்கள் என்றாலும், விடை அட்டையில் அடங்காவிட்டால் "இடம் போதவில்லை, பதிவுத் தபாலில் வா" என்றுதான் சர்வர் சொல்லும். பாதுகாப்புச் சுவரை அமைப்பவர் யுடிபிக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு டிசிபியை மறந்துவிட்டால் என்ன ஆகும்? சோதனை செய்யும்போது எல்லாம் சரியாக இருக்கும். சின்ன விடைகள் பளிச்சென்று வரும். ஒரு நாள், 30 முகவரிகள் கொண்ட நீண்ட விடை ஒன்று வர வேண்டியிருக்கும். அது மட்டும் வராது. "நேற்றுவரை ஓடியதே" என்று எல்லாரும் கையைப் பிசைவார்கள்.

மூன்றாவது, தவறைத் திருத்திய பிறகும் தவறு தொடர்வது. கிராணி விடைகளை நினைவில் வைப்பார் என்றேன். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்பதையும் ஒரு விடையாகவே எண்ணி அவர் நினைவில் வைத்துக்கொள்வார். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதும் விடையோடு சேர்ந்தே வரும். நம் மருத்துவமனையில் பொறியாளர் விதியை எழுதி முடித்துவிட்டார், ஆனால் மருத்துவரின் திரையில் இன்னும் "கிடைக்கவில்லை" என்றே இருக்கிறது. செயலியோ இடையில் உள்ள வேறொரு கணினியோ பழைய "இல்லை"யைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் பதறிப்போய், சரியாக எழுதிய விதியை மாற்றிவிட்டால் புதிதாக ஒரு சிக்கல் முளைக்கும். நினைவகத்தைத் துடைக்க வேண்டும், அல்லது நேரம் முடியும்வரை பொறுக்க வேண்டும். அவசரப் பிரிவில் பொறுமை என்பது லேசான சொல் அல்ல. அதனால்தான் இத்தகைய விதிகளை நோயாளிகள் வருவதற்கு முன்பே, ஓய்வான நேரத்தில், எல்லாப் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சோதித்து வைக்கிறார்கள்.

தொலைவும் ஒரு விஷயம். படிவம் நான்கில் ஒளிவிலகல் எண் படித்திருப்பீர்கள். கண்ணாடி இழையில் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. ஆகவே ஒளி அதற்குள் வினாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர்தான் செல்லும். விதியில் காட்டிய டிஎன்எஸ் சர்வர் 15,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போக மட்டும் 0.075 வினாடி, போய்வர 0.15 வினாடி. இழை நேர்க்கோட்டில் போகாது, நடுவில் கருவிகள் இருக்கும், உண்மையில் இதைவிடக் கூடும். ஒரு பக்கம் திறக்க 20 பெயர்களைக் கேட்க வேண்டுமென்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விதியைக் கோலாலம்பூரில் எழுதினாலும் இயற்பியலிடமிருந்து தப்ப முடியாது.

விதியே இல்லாவிட்டால் இன்னொரு தொல்லை உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. நம் எடுத்துக்காட்டில் "ஆய்வகம்.மருத்துவமனை.அகம்" என்ற கேள்வி வெளி உலகுக்குப் போயிற்றல்லவா? உள்ளே என்ன பெயரில் என்ன சர்வர் இருக்கிறது என்பதை மருத்துவமனை தன் வாயாலேயே வெளியில் சொல்லிவிட்டது. உலகம் முழுவதும் இப்படிக் கசியும் உள்பெயர்கள் மூல சர்வர்களில் வந்து குவிகின்றன. களப்பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு, "ஹோம்", "கார்ப்" ஆகிய முடிவுகளை யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2018இல் முடிவு செய்தது. அவ்வளவு பேர் அவற்றை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2024இல் "இன்டர்னல்" என்ற முடிவை உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கியது. நம் கற்பனை மருத்துவமனையும் "அகம்" என்பதை விட்டுவிட்டு அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டை ஒட்டுவது யார்?

இதுவரை பார்த்தவை எல்லாம் தன் வலையமைப்புக்குத் தானே எழுதிக்கொள்ளும் விதிகள். உங்கள் கேள்விக்கு வேறொருவர் விதி எழுதலாமா?

2024 செப்டம்பரில் இந்தக் கேள்வி நம் நாட்டிலேயே எழுந்தது. மலேசியாவில் பலர் இணையச் சேவை நிறுவனத்தின் ரிசால்வரை விட்டுவிட்டு, கூகலின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர்களைப் பயன்படுத்துகிறார்கள். இணையச் சூதாட்டம், ஆபாசம் போன்ற தளங்களைத் தடுப்பதற்கான பட்டியல் உள்நாட்டு நிறுவனங்களின் ரிசால்வர்களில்தான் இருக்கிறது. வெளி ரிசால்வரைக் கேட்பவர் அந்தத் தடையைத் தாண்டிவிடலாம். அதனால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி, வெளி ரிசால்வர்களுக்குப் போகும் கேள்விகளைத் தங்கள் ரிசால்வருக்கே திருப்பிவிடும்படி இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்தது.

இதை எப்படிச் செய்ய முடிகிறது என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். சாதாரண டிஎன்எஸ் கேள்வி அஞ்சலட்டை போன்றது, உறைக்குள் இல்லை. வழியில் இருப்பவர் யாரும் படிக்கலாம், 53ஆம் வாசலுக்குப் போகிறது என்று பார்த்து வேறு பக்கம் திருப்பலாம். விடை 8.8.8.8இடமிருந்து வந்ததுபோலவே உங்கள் கணினிக்குத் தோன்றும்.

பிள்ளைகளைத் தீய தளங்களிலிருந்து காப்பது நல்ல நோக்கம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். யாரிடம் கேட்பது என்ற உரிமை போய்விடும், தடைப்பட்டியல் நாளை எதுவரை நீளும் என்று இன்னொரு சாரார் கவலைப்பட்டார்கள். தொழில்நுட்ப நிறுவனங்களும் தங்கள் வேலை பாதிக்கப்படுமோ என்று அஞ்சின. சில நாட்களிலேயே, செப்டம்பர் 8ஆம் தேதி, தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அந்த நடவடிக்கையைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்தைக் கேட்டுக்கொண்டார்.

நான் இதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டிலேயே விவாதித்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மருத்துவமனையில் பொறியாளர் எழுதிய விதிக்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் "இந்தக் கேள்வியை அந்த வாசலுக்கு அனுப்பு" என்பதுதான். முன்னதில் கேட்பவருக்கும் விதி எழுதுபவருக்கும் ஒரே வீடு. பின்னதில் அப்படி இல்லை. டிஎன்எஸ் கேள்வியை உறையிலிட்டு, வழக்கமான பாதுகாப்பான இணையப் போக்குவரத்தோடு கலந்து அனுப்பும் முறை 2018இல் தரமாக்கப்பட்டது. அது பரவப் பரவ, வழியில் நின்று திருப்புவது கடினமாகிறது. பள்ளியும் பெற்றோரும் நல்ல நோக்கத்தோடு செய்யும் வடிகட்டலும் அதனாலேயே கடினமாகிறது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும் போர்வை அது.

உங்கள் வீட்டுக் கிராணி

ரௌட்டரைத் தீபாவளியன்று அணைத்துப் போட்டீர்களே, பெரும்பாலான வீடுகளில் அதுவும் கேள்விகளை அனுப்பிவிடும் ஒரு கிராணிதான். அதன் மேசையில் ஒரே சீட்டு: எது கேட்டாலும் சேவை நிறுவனத்தின் ரிசால்வருக்கு அனுப்பு.

விண்டோஸ் கணினி இருந்தால் இதை நேரில் பார்க்கலாம். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, என், எஸ், எல், ஓ, ஓ, கே, யு, பி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்களுக்குத் தெரிந்த ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டுங்கள். (பள்ளிக் கணினி என்றால் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.) முதல் இரண்டு வரிகளில் உங்கள் கேள்வி யாரிடம் போனது என்று தெரியும். 192.168 என்று தொடங்கும் எண் வந்தால் அது பெரும்பாலும் உங்கள் ரௌட்டரேதான். அதற்குக் கீழே வருவது விடை.

அடுத்து, அதே வரியின் கடைசியில் இன்னோர் இடைவெளி விட்டு 1.1.1.1 என்று சேர்த்துக் கேளுங்கள். இப்போது கேள்வி வேறொருவரிடம் போகிறது. இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வேறுபட்டால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரிய தளங்களுக்கு ஊருக்கு ஊர் சர்வர்கள் இருக்கும், கேட்பவருக்கு அருகில் உள்ளதன் முகவரியைச் சொல்வார்கள். பத்துத் தளங்களைக் கேட்டு ஓர் அட்டவணை போடுங்கள்: எவற்றுக்கு ஒரே விடை, எவற்றுக்கு வேறு விடை, எதற்கு ஒருவர் "இல்லை" என்று சொல்லி மற்றவர் எண் தருகிறார்? அந்தக் கடைசி வகையில் ஏதேனும் அகப்பட்டால், நடுவில் எங்கோ ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அது யாருடைய மேசையில் ஒட்டியிருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.